ஜூலை மாதக் கையெழுத்து

ஆணி அடிக்கத் தெரியாத பொறியாளர்களை எங்கள் துறை ஏராளமாக உற்பத்தி செய்திருக்கிறது. சுத்தியல் முப்பது வருடமாக என் அலமாரியில் இருப்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, ஆய்வேட்டின் மூலையில் துளையிட்டு, நடைவழியில் உள்ள மரப்பலகையில் அவரவர் கையாலேயே ஆணி அடித்து மாட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம். உருக்கைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிய ஆறடி ஆண்பிள்ளைகள் இரண்டங்குல ஆணியை வளைத்துவிட்டு, விரலையும் நசுக்கிக்கொண்டு, என்னிடம் பிளாஸ்திரி கேட்டு வந்து நிற்பார்கள்.

மஹ்னூஷ் ஒரே அடியில் இறக்கினாள். பலகை அதிர்ந்து, பக்கத்தில் தொங்கிய இன்னொருவரின் ஆய்வேடு கழன்று விழுந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கிர்மான்ஷா நகரில் கார் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த குத்ரத் என்பவரின் மகள் அவள். அன்று மாலை அப்பாவிடம் பேசியபோது, "எத்தனை அடி?" என்று மட்டும்தான் அவர் கேட்டாராம். ஒன்று என்றதும் திருப்தியாகிவிட்டார். ஆய்வேடு எதைப் பற்றி என்று அவர் கேட்கவே இல்லை.

நான் குன்வோர். ஸ்வீடனின் வடக்கே ஹோல்ம்விக் என்ற எங்கள் ஊரில், பல்கலைக்கழகத்தின் உலோகத் துறை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஒப்பந்தம், விடுப்புக் கடிதம், காப்பி இயந்திரம், சுத்தியல் எல்லாம் என் பொறுப்பு. மஹ்னூஷைப் பற்றி நான் எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காததை இதற்கு முன்பும் செய்திருக்கிறேன்.

அவள் வந்தபோது வயது இருபத்தேழு. எங்கள் துறைத் தலைவர் ஸ்டேலன் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். "புரொபசர், நீங்க முதல்ல உட்காருங்க" என்பாள். எங்கள் ஊரில் பேராசிரியரும் ஒன்றுதான், குப்பை வண்டிக்காரரும் ஒன்றுதான், எல்லோரையும் பெயர் சொல்லி, 'நீ' என்றுதான் கூப்பிடுவோம். அவள் எழுந்து நிற்கும்போதெல்லாம் ஸ்டேலன் நெளிவார். நாங்கள் சிரிப்போம். இரண்டு மாதத்தில் அவளும் "ஸ்டேலன், நீ அந்த நாற்காலிய கொஞ்சம் தள்ளு" என்று சொல்லப் பழகிவிட்டாள். அன்றைக்கு ஸ்டேலன் முகத்தில் ஒரு கணம் தெரிந்ததை நான் பார்த்தேன். அது மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் ஆமாம் என்று வாய் திறந்து சொல்வது குறைவு. மூச்சை உள்ளே சட்டென்று இழுப்போம், அதுதான் ஆமாம். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கே அது விளங்காது, எங்களுக்கு மூச்சுத் திணறுகிறது என்று நினைப்பார்கள். அதையும் அவள் கற்றுக்கொண்டாள். மாலை வகுப்பில் மொழி படித்தாள், ஏரி உறைந்ததும் சறுக்கு வண்டியில் கடைக்குப் போனாள், உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்குள் பன்றிக்கறிக்குப் பதில் காளான் வைத்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். கரி இல்லாமல் ஹைட்ரஜனால் இரும்பு உருக்கும் சோதனை உலை ஒன்று எங்கள் கூடத்தில் இருக்கிறது. ஆள் உயரம்தான். அதன் குழாய்களைப் பிரித்து அவளே புதிதாகப் போட்டாள். அதை உலை என்று சொல்ல மாட்டாள், "குழந்தைக்கு இன்னைக்கு காய்ச்சல் இல்ல" என்பாள்.

அவளுடைய முதல் ஜூலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

ஜூலையில் எங்கள் கட்டடம் காலியாகிவிடும். நான்கு வாரம் எல்லோரும் தீவுகளில் இருப்பார்கள், மீன் பிடிப்பார்கள், படகுத்துறைக்குச் சாயம் அடிப்பார்கள். வெளிநாட்டு மாணவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அப்படி அவள் தனியாக இருந்த ஒரு நாள், உலையைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பு நின்று எச்சரிக்கை மணி அடித்தது. சுவரில் இருந்த அவசர எண் பட்டியலைப் பார்த்து, தீவில் இருந்த ஸ்டேலனை அழைத்தாள். அவர் அரைக்கால் சட்டையோடு படகில் வந்து இருபது நிமிடத்தில் சரிசெய்தார். உலை பிழைத்தது. "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் முதல் காப்பி வேளையில், யாரையும் பார்க்காமல், பொதுவாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். விடுமுறை புனிதமானது, ஓய்வெடுக்காத மனிதன் நல்ல ஆய்வாளன் ஆக முடியாது, இன்னும் என்னென்னவோ. எல்லோரும் தங்கள் காப்பியைப் பார்த்தார்கள். அவசரப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்து, என் அலமாரிக் கதவின் உட்புறம், சுத்தியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். கூடவே ஒரு அறிவிப்பு அடித்து, லேமினேட் செய்து, காப்பி இயந்திரத்துக்கு மேலே மாட்டினேன். 'விடுமுறையில் இருப்பவர்களை அழைக்க வேண்டாம். காத்திருக்க முடியாத காரியம் எதுவும் இல்லை.' வாசகம் என்னுடையது.

அவள் அதை நின்று படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"குன்வோர், உலை போயிருக்குமே?"

"போனா போகட்டும். ஜூலைல போச்சுன்னா ஆகஸ்ட்ல பார்த்துக்கலாம்."

"எங்க ஊர்ல பட்டறைல ஒண்ணு வெடிக்கப்போகுதுன்னா பக்கத்துக் கடைக்காரன்கூட சாப்பாட்டை விட்டுட்டு ஓடி வருவான்."

"அதனாலதான் உங்க ஊர்ல யாருக்கும் லீவு இல்ல."

மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தப் பதிலை நினைத்து ஒரு வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை எழுதும்போது கை கூசுகிறது.

அவள் வந்த காலத்தில் விதி எளிதாக இருந்தது. நான்கு வருடம் முனைவர் படிப்பு முடித்தால் நிரந்தர வசிப்புரிமை. படித்தவர்களை இழுத்து நிறுத்திக்கொள்வதற்கான விதி அது, நாடே அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டது. மஹ்னூஷ் சமையலறை நாட்காட்டியில் மாதங்களை அடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு நான்கு வருடம் முடியச் சில மாதங்களே இருந்தபோது, ஒரு கோடையில் சட்டம் மாறியது. இனிமேல் படிப்பு மட்டும் போதாது, வேலையும் வேண்டும். அந்த வேலை, அதிகாரி முடிவெடுக்கும் நாளிலிருந்து இன்னும் பதினெட்டு மாதமாவது ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். பாதி வழியில் நிற்பவர்களுக்குச் சலுகை ஏதும் இல்லை.

பட்டம் வாங்கியதும் துறை அவளுக்கு இரண்டு வருட ஆய்வு வேலை கொடுத்தது. அதே வாரம் விண்ணப்பித்தாள். இருபத்துநான்கு மாதம் இருக்கிறதே, பதினெட்டுதானே வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். வரிசை நகரவில்லை. ஒவ்வொரு மாதமும் வரிசையில் நிற்க நிற்க, அவளுடைய ஒப்பந்தம் கையிலேயே தேய்ந்துகொண்டு வந்தது. முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் பழைய அனுமதி காலாவதியாகிவிட்டதால், நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது.

அந்த வசந்தத்தில் அவள் அப்பா குத்ரத்துக்கு நுரையீரல் கெட்டது. நாற்பது வருடம் ஈயப் பற்றவைப்புப் புகையை முகர்ந்த நுரையீரல். வெள்ளிக்கிழமைதோறும் மதிய உணவு நேரத்தில் அவள் என் அறைக்கு அடுத்த சின்ன அறையில் உட்கார்ந்து அவரோடு கைப்பேசியில் பேசுவாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது மட்டும் காதில் விழும். ஒருநாள் கேட்டேன்.

"உங்கப்பா என்ன கேட்டுக்கிட்டே இருக்காரு?"

"வசிப்புரிமை அட்டை வந்துருச்சான்னு கேக்குறாரு."

"நீ என்ன சொல்ற?"

"அடுத்த வாரம்னு."

ஜூன் மாதக் கூட்டத்தில் துறை அவளை நிரந்தரப் பணியில் எடுப்பதென்று முடிவானது. அது ஸ்டேலன் செய்த நல்ல காரியம், மறுக்க மாட்டேன். ஒப்பந்தத்தை நானே அடித்து, கையெழுத்துக்காக அவருடைய கணினிக்கு அனுப்பினேன். கைப்பேசியில் அடையாள எண்ணைத் தட்டினால் முடிந்தது, பத்து வினாடி வேலை. அவர் அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"லீவு முடிஞ்சு வந்து போட்டுடறேன், மஹ்னூஷ். ஒண்ணும் அவசரமில்லையே?"

அவள் எங்களிடம் கற்றதெல்லாம் அந்த நிமிடத்தில் வாயில் வந்து நின்றது. யாரையும் நெருக்கக் கூடாது, தன் காரியத்தைப் பெரிதாக்கக் கூடாது.

"இல்ல, இல்ல. மெதுவா போடு. நல்லா ஓய்வெடு."

ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை. குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, வேலை ஒப்பந்தத்தில் பதினைந்து மாதமே மீதி, இதைவிட நீண்ட ஒப்பந்தம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் அனுப்பவும், இல்லையேல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஸ்டேலன் திரும்புவது ஆகஸ்டு நான்காம் தேதி.

அவள் கடிதத்தோடு என் அறை வாசலில் நின்றாள். நானும் அன்று மதியம் விடுமுறையில் கிளம்புவதாக இருந்தது. மூட்டை கட்டி வைத்திருந்தேன், இரண்டரை மணிக்குப் படகு. பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"குன்வோர், ஸ்டேலனோட தீவு நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"ஒரு போன் பண்ணுவியா? பத்து வினாடி வேலைதான். படகுல இருந்தே போட்டுடலாம்."

நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். முழுதாகப் படித்தேன், விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"அதிகாரிக்கு எழுதிக் கேளு, கூட ரெண்டு வாரம் குடுப்பாங்க."

"எழுதிட்டேன். அந்த அதிகாரியும் லீவாம். ஆகஸ்ட் அஞ்சுக்குத்தான் வருவாராம், தானா பதில் வந்துச்சு."

"அப்ப அவர் வர்றவரைக்கும் யார் முடிவெடுக்கப் போறாங்க? நீ கவலையே படாத. ஜூலைல இந்த நாட்டுல எதுவும் நடக்காது."

"அப்பாவுக்கு ரொம்ப முடியல, குன்வோர்."

என் அலமாரிக் கதவு திறந்துதான் இருந்தது. பட்டியல் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், நான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன். கை நீட்டினால் எட்டும் தூரம். ஆனால் அந்த அலமாரியில் என்னைத் தவிர யாரும் கை வைப்பதில்லை, அதையும் அவள் கற்றிருந்தாள்.

"இங்க பாரு, அவசரத்துக்கு மரத்துறையில யோர்கன் இருக்கான், ஸ்டேலனுக்குப் பதில் அவன்தான். திங்கட்கிழமை அவன்கிட்ட போ. லீவுல இருக்கிறவர கூப்பிடறது இங்க வழக்கமில்ல, உனக்கே தெரியும்."

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள். சுத்தமான வடக்கத்தி ஆமாம், என் அம்மா சொல்வது போலவே இருந்தது. நான் அலமாரியைப் பூட்டிவிட்டுப் படகைப் பிடித்தேன்.

யோர்கன் என்ன சொன்னான் என்பதை அவளே பிறகு சொன்னாள்.

"நான் அவசர விஷயத்துக்கு மட்டும்தான், மஹ்னூஷ். இன்னொரு துறையோட ஆள் எடுக்கிறதுல நான் எப்படி கை போட முடியும்? தப்பா எடுத்துக்காத."

"இது அவசரம்."

"அவசரம்னா தீ, வெள்ளம், வாயுக் கசிவு."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதிகாரி விடுப்பில்தான் இருந்தார், நான் சொன்னது சரி. ஆனால் அவருக்குப் பதில் உட்கார்ந்திருந்தவர் விடுப்பில் போகாத அபூர்வப் பிறவி. கெடு முடிந்த கோப்புகளைப் பட்டியல் போட்டு வரிசையாக முடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஜூலை இருபத்தெட்டில் நிராகரிப்பு வந்தது.

ஆகஸ்டு நான்கு. ஸ்டேலன் மூக்குத் தோல் உரிந்து, நல்ல நிறமேறி வந்தார். எல்லோருக்கும் தான் புகைபோட்ட மீன் கொண்டுவந்தார். காப்பி வேளையில் மஹ்னூஷ் கடிதத்தை மேசையில் வைத்தாள். அவர் படித்தார், முகம் மாறியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினார். அங்கேயே கைப்பேசியை எடுத்துத் தட்டினார். பத்து வினாடிகூட ஆகவில்லை.

"நீ ஒரு போன் பண்ணியிருக்கலாமே, மஹ்னூஷ்! நான் அங்க சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்! தூண்டில போட்டுட்டு வானத்தப் பார்த்துக்கிட்டு!"

 அவர் தலைக்கு நேர் மேலே லேமினேட் செய்த அறிவிப்பு மினுங்கிக்கொண்டிருந்தது. மஹ்னூஷ் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"நீ லீவுல இருந்த" என்றாள் அவள். "மீன் நல்லா இருக்கு."

புது ஒப்பந்தத்தை வைத்து மேல்முறையீடு செய்தாள். வழக்கறிஞர் நிச்சயம் ஜெயிக்கும் என்றார், எப்போது என்று அவர் சொல்லவில்லை. மறுபடி வரிசை. வெளியே போனால் எல்லாம் போச்சு. செப்டம்பர் மாதம் இருபத்திரண்டாம் தேதி குத்ரத் இறந்தார். அடக்கத்தை அவள் அந்தச் சின்ன அறையில், கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். ஒரு அத்தை மகன் அங்கே பிடித்துக்கொண்டு நின்றானாம், அவன் கை நடுங்கியதால் படம் பெரும்பாலும் செருப்புகளையும் மண்ணையுமே காட்டியது. நாங்கள் நாகரிகமானவர்கள், காப்பி இயந்திரத்தை அந்த ஒரு மணி நேரம் போடவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு வெள்ளைப் பூந்தொட்டி வாங்கிக் கொடுத்தோம். அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. நான்தான் ஊற்றினேன்.

மே மாதத்தில் அவள் வென்றாள். அட்டை வந்தது. அதில் நிரந்தரம் என்று அச்சாகியிருந்ததை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். பச்சைப் பூச்சுப் போட்ட கேக் வாங்கினேன், மேலே காகிதக் கொடி குத்தினேன். ஸ்டேலன் பேசினார். அவருக்குக் கண் கலங்கியது.

"இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. இப்போ நீ எங்கள்ல ஒருத்தி."

"சந்தோஷம்" என்றாள் மஹ்னூஷ். "அப்ப நானும் இனிமே ஜூலைல போனை அணைச்சு வைக்கலாம்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நன்றாக ஒட்டிக்கொண்டாள், பார், என்றுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அவள் அடுத்த வாரம் ஊருக்குப் போனாள். பத்து நாள், கல்லறைக்கு.  திரும்பும்போது அப்பாவின் சின்னச் சுத்தியல் ஒன்றை மட்டும் கொண்டுவந்திருந்தாள். தகரம் நிமிர்த்தும் சுத்தியல், கைப்பிடி கறுத்துப்போயிருந்தது.

எனக்கு உறுத்தல் இருந்தது. அதைத் தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த ஜூலையில் என் தீவு வீட்டில் நான்கு வாரம் போய் இரு என்று சாவியைக் கொடுத்தேன். நான் அந்த வருடம் கடைசி ஆளாக ஆகஸ்டில் விடுப்பு எடுப்பதாக ஏற்பாடு. அவள் தயங்கினாள், பிறகு வாங்கிக்கொண்டாள். சொன்னபடியே கைப்பேசியை அணைத்துவைத்துவிட்டுப் போனாள். அங்கே பக்கத்து வீட்டில் ஏவர்ட் என்ற கிழவன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் கம்பித் தொலைபேசி உண்டு. அந்த எண் எனக்கு மனப்பாடம்.

ஸ்டேலனும் அந்த ஜூலையில் ஊரில் இருந்தார். ஆகஸ்டில் அமைச்சகத்திலிருந்து ஆட்கள் உலையைப் பார்க்க வருவதாக இருந்தது, அதற்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம். ஜூலை பதினாறாம் தேதி காலை பத்தரை மணிக்கு அவர் என் அறைக்கு ஓடி வந்தார். சட்டை நனைந்திருந்தது.

"பம்பு நின்னுருச்சு. மாத்துப் பம்பு ஏறமாட்டேங்குது. அவ குழாயெல்லாம் மாத்திப் போட்டுருக்கா, எந்த வால்வு எங்க போகுதுன்னே புரியல. ஹைட்ரஜன நிறுத்திட்டேன், ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணி ஏத்தாம விட்டா உள்ள இரும்பு அப்படியே உறைஞ்சிரும். நாலு மணி நேரம்கூட தாங்காது. மஹ்னூஷ் போன் அணைஞ்சிருக்கு. அவ எங்க இருக்கா, குன்வோர்?"

எனக்குத் தெரியும். ஏவர்டுக்கு ஒரு அழைப்பு, அவன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூப்பாடு, ஐந்து நிமிடத்தில் அவள் தொலைபேசியில் இருப்பாள். ஸ்டேலனின் முகத்தைப் பார்த்தேன். போன வருடம் என் வாசலில் நின்றவளின் முகம் ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பியது, பொய் சொல்ல மாட்டேன். எழுந்துபோய், காப்பி இயந்திரத்துக்கு மேலிருந்த அறிவிப்பைக் கழற்றி எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அவ லீவுல இருக்கா, ஸ்டேலன்."

"விளையாடாத, குன்வோர்."

"காத்திருக்க முடியாத காரியம் எதுவும் இல்ல. படி. உன் உத்தரவுதான்."

அவர் படித்தார்.   அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்குத் திரும்பி ஓடினார். இரண்டு மணிக்கு உலை செத்தது. இரும்பு அதன் வயிற்றுக்குள்ளேயே கட்டியாக உறைந்துவிட்டது, உடைத்துத்தான் எடுக்க முடியும். அமைச்சக ஆட்களுக்கு வர வேண்டாம் என்று நானே கடிதம் அடித்தேன். அன்று மாலை வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தேன்.

சனிக்கிழமை கேக்கோடு தீவுக்குப் போனேன். மஹ்னூஷ் என் படகுத்துறையின் பழைய சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தது. என் வீட்டுக் கூரையில் பத்து வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த தகரத்தையும் அவள் அப்பாவின் சுத்தியலால் நிமிர்த்தியிருந்தாள். அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் படகுத்துறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேலனின் நனைந்த சட்டையை, அறிவிப்பை, அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடியதை. பரிசு கொடுக்கிறவளைப் போலச் சொன்னேன்.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"எந்தப் பம்பு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

"எத்தனை மணிக்கு வந்து கேட்டாரு?"

"பத்தரை."

"எத்தனை மணிக்கு உறைஞ்சுது?"

"ரெண்டு மணி இருக்கும்."

அவள் கையை முழங்காலில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மூணாவது வால்வை மூடிட்டு ரெண்டாவத திறந்தா தண்ணி ஏறியிருக்கும். போன்லயே சொல்லியிருப்பேன். இல்ல, நானே வந்திருப்பேன். ஏவர்ட் படகுல அரை மணி நேரம்." குரல் உயரவில்லை. "அது என் குழந்தை, குன்வோர். ஆறு வருஷம். அப்பாகிட்ட போகாம அது பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

"நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா? ஒரு போன் பண்ணி என்னைக் கேட்டியா?"

தண்ணீர் படகுத்துறைக் காலில் மோதிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏவர்டின் வானொலி வானிலை வாசித்தது. கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவள் மாதிரி.

"போன வருஷம் ஸ்டேலன் நம்பர் உன்கிட்ட இருந்துச்சு" என்றாள். "இந்த வருஷம் ஏவர்ட் நம்பர் இருந்துச்சு. ரெண்டு தடவையும் நீ பண்ணல. அப்படித்தானே?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தேன்.